403இல் 168 போனால்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். நான் கருவாடு காயவைத்து விற்கிறேன். ஒரே மகள், நான்காம் வகுப்பு. விடுமுறை நாட்களில் என்னோடு வந்து உட்காருவாள். நெத்திலி கிலோ 280 என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு 420 என்று நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். 500 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி 80ஐ அதற்குள் எண்ணி வைத்திருப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். போன வாரத் தேர்வில் 403 − 168 என்ற கணக்குக்கு 365 என்று எழுதியிருக்கிறாள். பத்துக் கழித்தலில் ஏழு தப்பு. வாய்ப்பாட்டைத் தினமும் இருபது முறை எழுதவை என்கிறார் அவள் அப்பா. ராமநாதபுரத்தில் அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நாங்கள் இருவரும் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்கள். என்ன செய்யட்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, மகளிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கருவாட்டைப் புரட்டிப் போடப் போய்விட்டீர்கள். நாங்கள் என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவும்.

"பெட்டியில் 403 ரூபாய் இருக்கிறது. ஐஸ்காரருக்கு 168 கொடுத்துவிட்டாய். மீதி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். "235" என்றாள். எப்படி என்றேன். "168க்கு இரண்டு போட்டால் 170. முப்பது போட்டால் 200. அங்கிருந்து 403க்கு 203. எல்லாம் சேர்த்தால் 235." தேர்வில் தப்பாக எழுதிய அதே கணக்கு! அதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது கணக்கு இல்லையே தாத்தா, சும்மா சொன்னேன்" என்றாள்.

அந்தச் சொல் இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. தன் தலைக்குள் நடப்பது கணக்கு இல்லை, கோடு போட்ட நோட்டில் மேலும் கீழுமாக எழுதுவதுதான் கணக்கு என்று அந்தக் குழந்தை நம்புகிறாள். உங்கள் மகளிடம் குறை என்று இருப்பது இது ஒன்றுதான்.

365 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 3இல் 8 போகாது. அதனால் 8இல் 3ஐக் கழித்து 5. பூஜ்யத்தில் 6 போகாது, அதனால் 6. நான்கில் ஒன்று போக 3. கவனக்குறைவால் இப்படி வராது. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று ஒரு விதியைத் தானாக உண்டாக்கிக்கொண்டு, அதை ஒவ்வொரு இடத்திலும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இலேயே இதை எழுதிவிட்டார்கள்: கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கண்டபடி வருவதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. விதியைக் கண்டுபிடிக்காமல் நூறு கணக்கு போடச் சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தவறான விதிக்குத்தான் நூறு முறை பயிற்சி கிடைக்கும். ஏழு தப்பு வந்த தாளை எடுத்து அந்த ஏழையும் இப்படிப் பாருங்கள். எல்லாம் ஒரே தப்பாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடக்கவில்லை. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆய்வு 1985இல் வந்தது. கடையில் கேட்டபோது நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37தான் சரியாகப் போட்டார்கள். நம் நாட்டிலும் பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தைக் கணக்கில் சூரர்களான அந்தக் குழந்தைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். அந்த ஆய்வின் மறுபாதியை நாம் மறந்துவிடக்கூடாது. சந்தையில் வேலை செய்யாத 471 பள்ளிக் குழந்தைகளையும் சோதித்தார்கள். அவர்கள் தாளில் சரியாகப் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, கடையில் கற்றது தானாகத் தாளுக்கு வராது, தாளில் கற்றதும் தானாகக் கடைக்குப் போகாது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதை நீங்களே செய்யலாம், எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குத் தாராளமாகப் போதும்.

"மனக்கணக்குதான் வருகிறதே, தாள் எதற்கு?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 37 கிலோ, கிலோ 265 மேனிக்கு என்றால் 9,805 என்பதை எத்தனை பேர் மனத்தில் போட முடியும்? படகுக்கு டீசல் போட்ட கணக்கு, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு, இவை எல்லாம் தாளில் இருக்கின்றன. தாளைப் படிக்கத் தெரியாமல், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட மூத்தவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

எங்கே தொடங்குவது? கடையில் அவள் சொன்ன வழியையே முதலில் எழுதவையுங்கள். ஒரு நீளக் கோடு, கயிறு மாதிரி. ஒரு முனையில் 168, மறு முனையில் 403. நடுவில் 170, 200 என்று இரண்டு முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு தாவிய தூரத்தை மேலே எழுதட்டும்: 2, 30, 203. மூன்றையும் கூட்டட்டும். தலைக்குள் நடந்தது இப்போது தாளில் இருக்கிறது. "நீ சும்மா சொன்னது இதுதான், இதற்குப் பெயர்தான் கழித்தல்" என்று அவளிடம் அப்போது சொல்லுங்கள்.

நான்கைந்து நாள் இப்படிப் போனபிறகு பள்ளியில் கேட்கும் முறைக்கு வரலாம். இங்கே ஒரு சொல் எப்போதும் என்னை உறுத்தும். பக்கத்து இலக்கத்திடம் "கடன் வாங்கு" என்று காலம் காலமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நம் கடற்கரைக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லையே என்று ஒரு சிறுமி என்னிடமே கேட்டிருக்கிறாள். இப்போதைய பாடநூல்களில் "இனமாற்றம்" என்று போடுகிறார்கள், அது சரியான சொல். உங்கள் வீட்டில் அதைவிடப் பழகிய சொல் ஒன்று இருக்கிறது: சில்லறை மாற்றுவது.

அட்டையை வெட்டி நூறு, பத்து, ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையில் நான்கு நூறும் மூன்று ஒன்றும் கொடுங்கள். பத்து என்று எழுதிய அட்டை ஒன்றுகூட வேண்டாம். "168 கொடு" என்று கையை நீட்டுங்கள். கொடுக்க முடியாது. ஒரு நூறை உங்களிடம் தந்து பத்துப் பத்துகளாக மாற்றுவாள். அதில் ஒரு பத்தைத் தந்து பத்து ஒன்றுகளாக மாற்றுவாள். இப்போது அவளிடம் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. ஒவ்வொரு மாற்றலையும் அந்த நொடியிலேயே நோட்டில் குறிக்க வேண்டும்: 4ஐ அடித்து 3, பூஜ்யத்தை அடித்து 9, 3ஐ அடித்து 13. நடுவில் இருக்கும் பூஜ்யம் எப்படி ஒன்பதாகிறது என்பது எத்தனையோ குழந்தைகளுக்கு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை மந்திரமாகவே இருக்கிறது. ஒரு பத்தைத் தன் கையால் மாற்றியவளுக்கு அதில் மந்திரம் எதுவும் இல்லை. அட்டையோடு பத்துக் கணக்கு, அட்டை இல்லாமல் பத்துக் கணக்கு என்று போகட்டும்.

விடை எழுதும் முன் உத்தேசமாக ஒன்று சொல்லச் சொல்லுங்கள். "400இல் 170 போனால் 230 பக்கம் வரும்" என்று வாயால் சொல்லிவிட்டவள் 365 என்று எழுதினால் அவளுக்கே உறுத்தும். மறுநாள் திருப்பிச் செய்யுங்கள்: நோட்டில் இருக்கும் ஒரு வெறும் கணக்கைக் காட்டி, "இதைக் கருவாட்டுக் கதையாகச் சொல்" என்று கேளுங்கள். நான் சொன்ன ஆய்வு காட்டும் இடைவெளியை இரண்டு பக்கமிருந்தும் அடைக்க இது வேண்டும்.

எவ்வளவு நேரம் என்றால், பத்து நிமிடம். தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு மேல். ஒரே வகைக் கணக்கையும் வரிசையாகக் கொடுக்காதீர்கள். இரண்டு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என்று கலந்து கொடுத்தால்தான் எதற்கு எதைச் செய்வது என்று யோசிப்பாள்.

இனி வாய்ப்பாடு. நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில், தொண்டிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், ஏழாம் வாய்ப்பாடு தெரியாத ஒரு பையனை ஐம்பது முறை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். எப்படி எழுதினாய் என்று பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். முதலில் மேலிருந்து கீழ்வரை ஏழு ஏழாகப் போட்டான். அடுத்து பெருக்கல் குறிகள். பிறகு ஒன்று முதல் பத்து. கடைசியில் விடைகளைப் பார்த்து ஒரு வரிசை. ஐம்பது முறை எழுதியும் ஏழெட்டு எவ்வளவு என்று அவன் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. விரல் வீங்கியதுதான் மிச்சம். அந்தப் பையனுக்கு நான் செய்தது அநியாயம். உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து வாய்ப்பாட்டில் நூறு வரி இருக்கிறது என்று மலைக்க வேண்டாம். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து நான்கும் எளிதில் வந்துவிடும். மீதி 3, 4, 6, 7, 8, 9. மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் இவற்றில் படிக்க வேண்டியவை வெறும் 21. வாரத்துக்கு மூன்று என்றால் ஏழு வாரம். தெரியாததைத் தெரிந்ததிலிருந்து எடுக்கட்டும்: ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, ஆக ஏழெட்டு ஐம்பத்தாறு. 280ஐயும் அதில் பாதியையும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு விலை சொல்பவளுக்கு இது புதிதல்ல.

ஒன்பதில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். 90இன் பெயரில் நூறும் 900இன் பெயரில் ஆயிரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழில் எண்ணும் பிள்ளைகள் சிலர் தொண்ணூற்றைந்தைச் சொல்லக் கேட்டு எழுதும்போது நூறைச் சேர்த்துவிடுவது இதனால் இருக்கலாம். அவளிடம் பத்து எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், இவற்றையும் கலந்து. தவறு வந்தால் அங்கே அட்டைகளை எடுங்கள்.

அபாகஸ் வகுப்பு வேண்டாம். அது மணிகளை வைத்து வேகத்தைப் பழக்குவது. உங்கள் மகளுக்கு வேகம் நிறைய இருக்கிறது. பணத்தைச் செலவழித்து ராமநாதபுரம் வரை போய், அவளுக்குக் குறைவில்லாத ஒன்றை வாங்கிவர வேண்டுமா?

அவளுடைய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டை போட அல்ல. கயிற்றுக் கோடு வரைந்த நோட்டைக் கொண்டுபோய், "இவள் இப்படிச் செய்கிறாள்" என்று காட்டுங்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தப்பையும் துருவிப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. பார்த்துவிட்டால் பெரும்பாலானவர்கள் விடமாட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் அவள் அப்பாவும் வீட்டில் இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எத்தனை நாள் என்று அவர் கேட்கட்டும். 61 என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் பல பேருக்கு 60தான் வரும். ஏப்ரலில் 30இலிருந்து 15ஐக் கழித்து 15 என்று விட்டுவிடுவார்கள். 15ஆம் தேதியும் தடை நாள்தானே, அதையும் எண்ண வேண்டும். 16, 31, 14. அப்பாவும் மகளும் காலண்டரை வைத்துக்கொண்டு இதில் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடலாம்.

அவளுக்கு என்னிடமிருந்து ஒரு கணக்கு. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது, புதியது 2025இல். இடையில் எத்தனை ஆண்டு? முதலில் வாயால், பிறகு கயிற்றுக் கோட்டில், பிறகு பள்ளிக்கூடத்து முறையில். இதிலும் நடுவில் ஒரு பூஜ்யம் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். மூன்று முறையிலும் ஒரே விடை வந்ததும் எனக்குப் போன் செய்யட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்.