தேய்த்தால் போகாது

அன்புள்ள ஐயா,

நான்கைந்து ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். சென்ற மாதம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியபோது, கைகளில் இருந்த சொரசொரப்பை மறைப்பதற்காகக் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைக்கிறது.

என் மகளுக்கு 13 வயது. சிறு பிள்ளையிலிருந்தே மேல்கைகளின் வெளிப்புறத்திலும் தொடைகளிலும் புல்லரித்ததுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. கணவரின் வேலைக்காக ஓசூர் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே பனிக்காலம் வந்தால் முள்ளுமுள்ளாகக் கிளம்பிவிடுகிறது. வகுப்பில் ‘பாகற்காய்’ என்று கூப்பிடுகிறார்களாம். பக்கத்தில் உட்காரும் பெண் “இது ஒட்டுமா?” என்று கேட்டுவிட்டு இடம் மாறிக்கொண்டாளாம். உச்சி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை.

போன வாரம் குளிக்கப் போனவள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. கதவைத் தட்டித் திறக்கச் சொல்லிப் பார்த்தால், பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து இரண்டு கைகளிலும் ரத்தம் கசிந்திருந்தது. அந்த நாரை அவள் கையில் கொடுத்தவள் நான். ஐந்து வயதிலிருந்து நலங்கு மாவு போட்டு, “அழுக்குதான், தேய்த்தால் போய்விடும்” என்று சொல்லித் தேய்த்திருக்கிறேன்.

எனக்கும் இதே கைகள்தான். “உன் தோல்தான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது” என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். வைட்டமின் ஏ மாத்திரை போட்டால் மறைந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பெங்களூரில் ஒரு கிளினிக்கில் ஆறு முறை லேசர் செய்ய வேண்டும், 48,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அம்மா, இது போகுமா, போகாதா?”

ஓசூரிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் அந்த நாரைக் குளியலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் மருத்துவன் அல்லன். இந்தத் தோலோடு நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவன், அவ்வளவுதான். உங்கள் மகள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் என் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது கிணற்றடியில் உட்கார வைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார். என்மீது உயிரையே வைத்திருந்தவர் அவர். அன்பு மிகுந்த கையாதலால் அழுத்தமும் அதிகம். அன்று முழுக்கக் கை எரியும். இரண்டு நாளில் பொருக்கு உதிரும். புள்ளிகள் முன்பைவிடத் தடிப்பாக, கறுப்பாக நிற்கும். “இன்னும் அழுக்கு போகவில்லை” என்று அடுத்த ஞாயிறு மறுபடியும் தேய்ப்பார். தன் உடம்பில் போகாத அழுக்கு ஒன்று இருக்கிறது என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கை லேசில் விடாது. அது என்னை விட்டு நீங்கியது இருபத்து நான்காவது வயதில்தான்.

அப்போது ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் மருத்துவர் என் கையைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். மெல்லிய ஊசியின் நுனியால் ஒரு புள்ளியின் தலையை மட்டும் விலக்கிவிட்டு, “இப்போது பாருங்கள்” என்றார். மாவுத் துணுக்கு மாதிரி ஒரு வெள்ளை அடைப்பு. அதற்கு அடியில் மயிரிழை ஒன்று கொசுவர்த்திச் சுருளைப் போல வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. ஊசி பட்டதும் சுருள் பிரிந்து மெல்ல நிமிர்ந்தது. “இது அழுக்கு இல்லை தம்பி. வெளியே வர வழியில்லாமல் உள்ளே சுருண்ட முடி” என்றார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த முடி நிமிர்ந்தது என் கண்ணில் நிற்கிறது.

இதற்கு மருத்துவத்தில் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்று பெயர். பேச்சில் கோழித்தோல் என்பார்கள். நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் மயிர்க்காலின் வாயில் அளவுக்கு மீறிச் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கிருமி எதுவும் இல்லை, ஆகவே யாருக்கும் ஒட்டாது. இடம் மாறி உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கும் இதே புள்ளிகள் லேசாக இருக்கலாம். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளில் பாதிக்குப் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் அளவில் இது இருக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

நார் ஏன் கூடாது என்று மகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கை காய்த்துப்போவதை அவள் பார்த்திருப்பாள். எங்கே உராய்கிறதோ அங்கே தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும். நாரால் தேய்க்கும்போது அடைப்பின் தலை மட்டும்தான் பிய்கிறது. அடியில் மயிர்க்கால் புண்ணாகி மறுபடி அடைத்துக்கொள்கிறது. நம் நிறத்துத் தோலில் புண் ஆறிய இடமெல்லாம் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கும். இப்போது அவள் கையில் கண்ணை உறுத்துவதில் பாதி, நார் உண்டாக்கியதாகத்தான் இருக்கும். இது கேட்கக் கஷ்டமான செய்திதான். ஆனால் நார் நின்றால் அந்தப் பாதி தானாகவே மங்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் அடங்கியிருந்தது ஓசூரில் கிளம்பியதற்குக் காற்றுதான் காரணம். கடலோரத்து ஈரக் காற்று தோலை உலர விடாது. ஓசூரின் பனிக்காலக் குளிர்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். நீங்கள் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். பரம்பரை என்பது உண்மைதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்து ஈரத்தைக் காக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் ஒன்று இருக்கிறது. அதன் மரபணுவில் ஏற்படும் குறைதான் மீன்செதில் போலத் தோல் வறண்டு வெடிக்கும் இக்தியோசிஸ் வல்காரிஸ் என்ற நிலைக்குக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. அந்தக் குறை உள்ளவர்களில் பலருக்கு இந்தப் புள்ளிகளும் இருக்கும். உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட மிகுந்து, ஆழமாக ஓடும். மகளின் உள்ளங்கையையும் கெண்டைக்காலையும் பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘உன் தோல்’ என்ற சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருப்பதால்தான் அது உங்களைக் குத்துகிறது. கண்ணும் மூக்கும் எப்படி வந்தனவோ அப்படித்தான் இதுவும் வந்தது. அவள் சிரிப்பும் உங்களுடையதாக இருக்கலாம். அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்வதில்லையே.

மருந்துக் கடைக் களிம்பைப் பற்றிப் பேசும்போது என்னால் நிதானமாக இருக்க முடியாது. பதினேழு வயதில் எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது. மகிழ்ச்சி தாங்காமல் எட்டு மாதம் போட்டேன். அது வீரியமான ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை. அக்குளை ஒட்டிய உள்கையில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பைப் போல வரிவரியாக வெடித்தது. நிறுத்தியதும் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. வரிகள் மட்டும் இன்றுவரை போகவில்லை. 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. உங்களிடம் இருக்கும் டியூபில் குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இனி போட வேண்டாம். ஏற்கெனவே பல வாரம் போட்டிருந்தால் டியூபோடு மருத்துவரைப் பாருங்கள்.

வைட்டமின் ஏ யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. சத்துக் குறைவால் முழங்கையிலும் முழங்காலிலும் முள்ளாக எழும்பும் வேறொரு தோல்நிலை உண்டு. தேரைத் தோல் என்ற பொருளில் ஃப்ரினோடெர்மா என்று 1933இல் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் அதற்குப் பெயரிட்டார். அங்கே பெரும்பாலும் உடல் மெலிவு இருக்கும், மாலைக்கண் போன்ற கண் கோளாறுகளும் சேர்ந்து வரலாம். நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளரும் உங்கள் பெண்ணின் மேல்கைப் புள்ளிகள் அந்த வகையாகத் தெரியவில்லை. முருங்கைக் கீரையும் மஞ்சள் பூசணியும் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். மாத்திரை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

லேசரால் சிவப்பு ஓரளவு குறையலாம். ஆனால் சொரசொரப்பில் அவ்வளவு பலன் இருக்காது, நம் நிறத்தில் கருமை படியும் அபாயமும் இருக்கிறது. 13 வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்தா தொடங்குவது? அந்த 48,000 ரூபாயை அவள் படிப்புக்கு வையுங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை, புண் ஆறும் மட்டும், வெறும் வாஸ்லின் போதும். குளியல் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். மென்மையான சோப்பு, அதுவும் தினமும் கை முழுக்க வேண்டியதில்லை. துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் ஈரப்பதக் களிம்பைப் பூச வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது இந்த மூன்று நிமிடம்தான்.

புண் ஆறியபின் மருத்துவர் பெரும்பாலும் 10 சதவீத யூரியா களிம்போ, 12 சதவீத லாக்டிக் அமிலம் உள்ளதோ எழுதிக் கொடுப்பார். வயலுக்குப் போடும் யூரியாவா என்று திகைக்காதீர்கள். பொருள் அதே பொருள்தான். நம் தோலிலேயே இயற்கையாக இருந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். களிம்புக்கென்று சுத்தம் செய்து அளவாகச் சேர்க்கிறார்கள். மூட்டையில் இருப்பதைத் தொடவே கூடாது. களிம்பில் உள்ள யூரியா அடைப்பை மெதுவாக இளக்கும். லாக்டிக் அமிலம் தயிரிலும் இருக்கிறது. ஆனால் தயிரில் ஒரு சதவீத அளவுதான், பூசினால் குளிர்ச்சியாக இருக்குமே தவிர அடைப்பு கரையாது. இந்தக் களிம்புகள் கீறல் உள்ள இடத்தில் சுரீரென்று எரியும். முதல் நாளே எரிந்தால் பிள்ளை பிறகு தொடவே மாட்டாள், அதனால் அவசரப்பட வேண்டாம். இவற்றுக்கும் மசியாவிட்டால் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்து, தரலாம். அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

ஆறு வாரம் ஆகாமல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பூசுவதை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பும். பல் துலக்குவதைப் போலத் தினசரி வேலை இது.

இனி அவள் கேள்வி. போகுமா, போகாதா? பொய் சொல்லாதீர்கள். முழுக்கப் போய்விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒழுங்காகப் பூசினால் தடவிப் பார்த்தால் தெரியாத அளவுக்கு மிருதுவாகும். இருபதுகளில், முப்பதுகளில் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். என் கைகளில் இப்போது குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எனக்கு அந்த முழுக்கைச் சட்டை சிறையாக இருக்கவில்லை, வகுப்பறைக்குள் போகும் துணிச்சலைக் கொடுத்ததே அதுதான். தோலோடு உரசாமல் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டுவிடுங்கள், போதும். கழற்றும் நாளை அவளே முடிவு செய்வாள்.

இன்னும் ஒன்று, நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது. “அழுக்கு என்று நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் பெரியம்மா அதைச் சொல்லியிருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பாவம், அவருக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. பிறகு இரவில் களிம்பை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் கைக்கு நீங்கள் பூசுங்கள், உங்கள் கைக்கு அவள் பூசட்டும். உங்களுக்கும் அதே புள்ளிகள் இருப்பதை அவள் இதுவரை தொட்டுப் பார்த்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

மார்கழி முடியப்போகிறது. பங்குனியில் கைகள் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் நல்லது.