மண்புழு மாதிரி ஒரு பாம்பு

கேள்வி: என் மகன் பிரேசிலில், பாயியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். தோட்டத்து மண்ணைக் கிளறியபோது மண்புழு மாதிரி ஒரு பாம்பு வந்ததாம், தலை எது வால் எது என்றே தெரியவில்லையாம். நம் ஊர் செவிப்பாம்புதானா? என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அதை அடிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். விஷம் கிடையாது. எறும்பையும் கரையானையும் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்கிற பிராணி அது.

அந்த ஊரில் இதை 'கோப்ரா சேகா', அதாவது குருட்டுப் பாம்பு என்பார்கள். ஆனால் மண்ணுக்குள் வாழும் காலில்லாத புழுப்பல்லிக்கும் அதே பெயர்தான், அதனால் ஊர்ப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருந்தால் அது பாம்பே இல்லை. வழுவழுப்பான சின்னச் செதில்கள் இருந்தால், அப்புறம் எண்ண வேண்டியதுதான்.

உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றி எத்தனை செதில் வரிசை என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். 14 என்றால் அது நூல்போல மெலிந்த பாம்புகளின் குடும்பம், அவற்றுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் பல். 20 என்றால் பெரும்பாலும் செவிப்பாம்பு சேர்ந்த குடும்பம், இவற்றுக்குப் பல் மேல்தாடையில் மட்டும். (20 வரிசைக்கு மேலும் உள்ள இன்னொரு குடும்பமும் அங்கே உண்டு, அதைப் பிரிக்கத் தலைச் செதில்களைப் பார்த்தாக வேண்டும்.)

பாயியாவில் இருப்பதால் என் மனதுக்கு முதலில் வருவது அமெரோடிஃப்லோப்ஸ் பிராங்கர்ஸ்மியானஸ். அந்த இனத்தை விவரிக்க எடுத்துக்கொண்ட மாதிரியே அதே மாநிலத்து இல்யேயுஸில் கிடைத்ததுதான். சம்பா பாடல்களும் எழுதிய பிரேசில் விலங்கியலாளர் பாவ்லோ வன்சோலினி 1972இல் இதற்கு 'பிராங்கர்ஸ்மாய்' என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரை 1929லேயே வேறொரு பாம்புக்கு வைத்துவிட்டார்கள் என்பதால் 1976இல் அவரே மாற்ற வேண்டியதாயிற்று, 2014இல் பேரினத்தின் பெயரும், அதாவது பெயரின் முதல் பாதியும், மாறியது. பழைய புத்தகத்தில் தேடினால் டிஃப்லோப்ஸ் என்றுதான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் நம் செவிப்பாம்புக்கும் 20 வரிசைதான், அதுவும் பூந்தொட்டி மண்ணோடு உலகமெல்லாம் போய்ச் சேர்ந்த பாம்பு, ஆண் துணையில்லாமலே முட்டையிடுகிற இனம் என்பதால் ஒன்று போனாலே போதும். அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் தலையின் மேல்புறம், பக்கவாட்டு, வால் நுனி மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூக்குச் செதிலின் கோடு எங்கே போய் முடிகிறது என்று அதில் தெரிந்தால், செவிப்பாம்பா இல்லையா என்று சொல்லிவிடலாம்.