வயலில் வரும் மீத்தேன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். மீத்தேன் எடுக்க வந்த திட்டத்தை எதிர்த்து அப்பாவோடு தெருவில் நின்றவன் நான். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள், பூமியைச் சூடாக்கும் மீத்தேனை நெல் வயலே விடுகிறது என்கிறாள். கார் ஓட்டுகிறவனையும் ஏசி போடுகிறவனையும் விட்டுவிட்டுச் சோறு போடுகிறவன் மேல் பழி போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வது உண்மை. உங்கள் கோபமும் நியாயமானது.

நீங்கள் எதிர்த்தது நிலக்கரிப் படுகையில் பல கோடி ஆண்டுகளாக அடைந்து கிடக்கும் வாயுவை எடுப்பதை. வயலில் வருவது போகத்துக்குப் போகம் புதிதாக உண்டாவது. தண்ணீர் கட்டி நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மக்கும் தாளையும் தழையையும் தின்று மீத்தேனை விடுகின்றன. சேற்றில் கால் வைத்ததும் குமிழி வருமே, அதில் மீத்தேன் உண்டு. ஆனால் பெரும்பகுதி வெளியேறுவது பயிரின் வழியாக. தண்ணீருக்குள் நிற்கும் வேருக்குக் காற்றைக் கொண்டுபோக நெல்லின் தண்டுக்குள் குழல்போல ஓர் அமைப்பு இருக்கிறது. வேருக்கு மூச்சு போகும் அதே பாதையில் மீத்தேன் மேலே வந்துவிடுகிறது. மனிதர்களால் வெளிவரும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உலகின் நெல்வயல்களுடையது.

சரி, பழிக்கு வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒருமுறை, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 380 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகக் கணக்குச் சொன்னது. 1991இல் இயற்பியலாளர் ஏ.பி. மித்ராவின் தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயல்களில் இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். பிழைப்புக்காக வெளிவரும் வாயுவையும் சொகுசுக்காக வெளிவரும் வாயுவையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்று அதே ஆண்டு சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதினார்கள். நான் இன்றும் அவர்கள் பக்கம்தான்.

அதற்காக அந்த 40 லட்சம் டன்னைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். வழியும் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் மகசூல் குறையாமல் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். காயப்போடும் வயலில் யூரியாவை அள்ளிப் போட்டால், பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஆழ்துளைக் கிணறு வைத்துக் குறுவை போடுகிறவர் இதைச் செய்துவிடலாம். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் என்ன செய்வார்? அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாதபோது, வந்ததைத் தேக்கித்தான் வைப்பார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். சம்பாவில் ஐப்பசி மழை கொட்டும்போது, வடிகால் தூர்ந்து கிடக்கையில், வயலை எப்படிக் காயவிடுவது? தண்ணீர் குறைந்தால் களை மண்டும், அந்தக் கூலியும் அவர் தலையில்தான். முறை நாளை முன்கூட்டியே சொல்வதும், வடிகாலைத் தூர்வாருவதும், களைச் செலவில் பங்கு கொடுப்பதும் அரசின் வேலை. அதைக் கேட்டு நீங்கள் மறுபடி தெருவில் நின்றால் நானும் வருகிறேன்.

அதுவரை, வரும் குறுவையில் ஒரு மா அளவு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் குழாயைப் பதித்துப் பாருங்கள். மட்டத்தை அளந்து எழுதுகிற வேலையை மகளிடம் விடுங்கள். அறுவடை முடிந்ததும் இருவருமாக எனக்கு எழுதுங்கள்.