கைமாறிய குரூசர் வண்டியில் நெடுந்தூரம்: கேள்வி பதில்

கேள்வி (வேலூர்): ஐயா, கன்னியாகுமரி வரை போய்வரும்படியான பழைய குரூசர் வண்டி (தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டும் மோட்டார் சைக்கிள்) வாங்க விரும்புகிறேன். அவெஞ்சர் 220, தண்டர்பேர்ட் 350, மீட்டியோர் 350 ஆகிய மூன்றில் எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றுமே அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். நான்காவது மணி நேரத்தில் உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. அவெஞ்சர் எடை குறைந்தது, இருக்கை தாழ்வானது, சிற்றூரிலும் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார். ஆனால் அதன் குரூஸ் வகையில் கம்பிச் சக்கரமும் ட்யூப் டயரும் இருப்பதால், இரவில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். தண்டர்பேர்டின் 346 சி.சி. இஞ்சினில் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிறது. அந்த அதிர்வைச் சமன்செய்யும் பாலன்சர் தண்டு அதில் இல்லாததால், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் நடுக்கம் கூடிக்கொண்டே போகும். 2020 நவம்பரில் வந்த மீட்டியோரில் அந்தத் தண்டு உண்டு. அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் உண்டு. பெட்ரோல் டேங்கில் மட்டும் தண்டர்பேர்ட் முந்துகிறது: 2012-க்குப் பிந்திய வண்டிகளில் 20 லிட்டர், மீட்டியோரில் 15 லிட்டர். பணம் இடங்கொடுத்தால் மீட்டியோர்; இல்லையென்றால், 80-ஐத் தாண்டாமல் நிதானமாக ஓட்டும் பொறுமை உள்ளவருக்குத் தண்டர்பேர்ட்.

கேள்வி (திருச்சி): வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: இஞ்சின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். முன்கூட்டியே ஓடவிட்ட இஞ்சின் தன் ஸ்டார்ட்டிங் குறையையும் முதல் நிமிடப் புகையையும் உள்ளே வால்வுகளை இயக்கும் டைமிங் செயினின் சத்தத்தையும் மறைத்துவிடும். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் நீலப்புகை வந்து, அது நிற்காமல் தொடர்ந்தால், ஆயில் எரிகிறது என்று பொருள்.

அடுத்தது சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம். இஞ்சினைப் பணம் செலவழித்துப் புதிதாகக் கட்டிவிடலாம். அடிவாங்கிய சேசிஸை நேராக்கித் தருவதாக யார் சொன்னாலும் நெடுந்தூரத்துக்கு அதை நம்பாதீர்கள். ஹேண்டில் பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே நசுங்கல் இருந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. ஹேண்டில் தண்டைச் சுற்றியுள்ள பகுதியில் பெயிண்ட் வெடிப்போ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால், ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், ஆனால் விலையில் கழியுங்கள். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேசிஸோடு இணையும் புஷ்ஷில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல்வெட்டு) ஆழமாக இருந்தாலும், அவ்வளவு பழைய டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி வரை வாங்கலாம்?

பதில்: மீட்டரில் தெரியும் எண்ணைக் குறைத்து வைக்க முடியும் என்பதால், நான் அதை வைத்து முடிவு செய்வதில்லை. கால்தாங்கி ரப்பரின் தேய்மானமும், பிரேக் டிஸ்க் விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் மேடும், சர்வீஸ் ரசீதுகளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் 50,000 கி.மீ. ஓடிய வண்டி, நகர நெரிசலில் பராமரிப்பின்றி 15,000 ஓடியதைவிட மேலானது.

கேள்வி (சேலம்): இவை மைலேஜ் எவ்வளவு தரும்?

பதில்: 350 சி.சி. வண்டிகள், நிதானமாக ஓட்டினால், லிட்டருக்கு 30 முதல் 35 கி.மீ.

கேள்வி (கோயம்புத்தூர்): குரூசரில் நெடுந்தூரம் போனால் முதுகு வலிக்கும் என்று நீங்கள் தொடர்ந்து எச்சரித்துவருகிறீர்கள். அகன்ற இருக்கை, நீட்டிய கால்கள், நிமிர்ந்த முதுகு. நெடுந்தூரத்துக்கென்றே அமைந்த வண்டியைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் குரூசர் தரும் ஓய்வை நான் மறுக்கவில்லை. முதுகின் கணக்கு வேறு. கால்தாங்கி உடம்புக்கு நேர்கீழே இருக்கும் வண்டியில், குழி வருவதைக் கண்டதும் காலை ஊன்றி இடுப்பைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். குரூசரில் கால்கள் முன்னால் இருப்பதால் அது முடியாது; எடை முழுவதும் வால் எலும்பின் மேல் இறங்கி, அதிர்ச்சி நேராகத் தண்டுவடத்துக்கு ஏறுகிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய பின் ஷாக்கின் அசைவும் குறைவு. ராயல் என்ஃபீல்டின் பெரிய குரூசரான சூப்பர் மீட்டியோர் 650-இல் அது 101 மி.மீ.; அதே நிறுவனத்தின் கரடுமுரடான பாதைக்கான ஹிமாலயன் 411-இல் 180 மி.மீ. பயணப் பை, பின்னால் ஒருவர் என்று சுமை கூடும்போது அந்த 101-இலும் ஒரு பகுதி புறப்படும் முன்பே அமுங்கிவிடுகிறது.

கேள்வி (மீண்டும் கோயம்புத்தூர்): நான்குவழிச் சாலைகள் வந்துவிட்ட காலத்தில் குழியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

பதில்: நான்குவழிச் சாலையை விட்டு இறங்காமல் எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது என்பதால். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; ஊருக்குள் அவரவர் போட்டுக்கொள்வது அந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. சூப்பர் மீட்டியோரின் அடிப்பகுதி தரையிலிருந்து 13.5 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. இருவர் அமர்ந்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது இஞ்சினின் அடிப்பாகத்தையும் சைலன்சரின் அடிப்பாகத்தையும் குனிந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். அங்குள்ள கீறல்கள் அந்த வண்டி எத்தனை வேகத்தடையில் இடித்தது என்பதைக் காட்டிவிடும்.

கேள்வி (திண்டுக்கல்): நான் ஐந்தடி உயரமுள்ள பெண். இரு கால்களும் தரையில் பதிவதால்தான் குரூசரைத் தேடுகிறேன். ஹிமாலயனோடு ஒப்பிட்டால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: குரூசருக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் மிக வலுவான நியாயம் உங்களுடையதுதான், சகோதரி. ஹிமாலயனின் இருக்கை 800 மி.மீ. உயரம், மீட்டியோரில் 765, சூப்பர் மீட்டியோரில் 740. ஆனால் கால் எட்டுவது பாதி வேலைதான். நிறுத்திய வண்டியைச் சரிவில் பின்னோக்கித் தள்ளுவது மறு பாதி. 191 கிலோ மீட்டியோரையும் 241 கிலோ சூப்பர் மீட்டியோரையும் வாங்குமுன் அப்படித் தள்ளிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டால் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த வலுதான். நீங்கள் கேட்டதை வைத்துச் சொன்னால், மீட்டியோர் 350-ஐத் தேடுங்கள்.

கோயம்புத்தூர் வாசகருக்கும் சேர்த்தே ஒன்று சொல்கிறேன். குரூசரை வாங்காதீர்கள் என்பது என் வாதமன்று. விற்பவரிடம் அனுமதி பெற்று, ஒரு மணி நேரமாவது, மோசமான சாலையும் கலந்த வழியில் ஓட்டிப் பாருங்கள் என்கிறேன். தெருமுனை வரை போய்த் திரும்பினால் எந்தக் குரூசரும் சொகுசாகத்தான் இருக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): 60,000 கி.மீ. ஓடிய தண்டர்பேர்டை வாங்கலாமா?

பதில்: ஈரோட்டு வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): ஹார்லி ஸ்ட்ரீட் 750 மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: ஹார்லி-டேவிட்சன் 2020-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தியது, விற்பனையையும் சர்வீஸையும் ஹீரோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வாங்கும் விலை மலிவு என்பதற்காகப் பராமரிப்பும் மலிவாகிவிடாது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ரேடியேட்டர் மூன்றுக்கும் விலையையும் வந்துசேரும் காலத்தையும் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): சந்தை விலையைவிட மிகக் குறைவாக, பளபளப்பான மீட்டியோர் ஒன்று வந்திருக்கிறது. இஞ்சின் நல்ல சூட்டில் அருமையாக ஓடியது.

பதில்: நல்ல சூட்டில் என்கிறீர்களே! குளிர்ந்த இஞ்சினோடு மீண்டும் பாருங்கள். சென்னையில் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அவற்றைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் உண்டு. இருக்கையைக் கழற்றி வயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் களிம்போ மண்படிவோ இருந்தால் வேண்டாம். ஹெட்லைட் கண்ணாடியின் உட்புறத்தில் நீர்க்கறை, ஆயிலில் பால் கலந்தது போன்ற நிறம், இரண்டும் அதே எச்சரிக்கைதான்.

கேள்வி (கடலூர்): புதுச்சேரிப் பதிவு வண்டியை இங்கே ஓட்டலாமா?

பதில்: 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) இங்கே சாலை வரியும் வேண்டும். வரித்தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். கடன் பாக்கி இருந்த வண்டியென்றால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு, கடன் தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் கையில் வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நெடுந்தூரத்துக்கு மைலேஜ் அதிகம் தரும் பழைய குரூசர் எது?

பதில்: சேலத்துக்குச் சொன்ன பதிலே. மைலேஜைக் கேட்பவர்கள் யாரும் பிரேக்கைக் கேட்பதில்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்துக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்திய வண்டியென்றால் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.