பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பு: குற்றவாளிகள் யார் என்று தெரிந்தும் தீர்ப்புக்கு 39 ஆண்டுகள் ஆனது ஏன்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம் நகரில், 1963 செப்டம்பர் 15 அன்று பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்ற வழக்கு 2002 வரை இழுத்தது ஏன், அக்காலத்தில் தடயவியல் வளராததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடயவியலுக்கும் இந்தத் தாமதத்துக்கும் பெரிய தொடர்பில்லை. செய்தவர்கள் யார் என்பது இரண்டே ஆண்டுகளில் அரசுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் கொண்டுபோகவில்லை என்பதே நான் படித்துப் புரிந்துகொண்டது.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த நகரம். சுரங்கத் தொழில் நடக்கும் இடத்தில் டைனமைட் கிடைப்பதும் அதைக் கையாளத் தெரிந்தவர்கள் கிடைப்பதும் அரிதல்ல. வெள்ளையர் பகுதி என்று நகராட்சி வரையறுத்து வைத்திருந்த தெருக்களில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கத் தொடங்கியபோது, அந்த வீடுகள் ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அப்பகுதிக்கு டைனமைட் குன்று என்றே பெயர் வந்துவிட்டது. 1947க்கும் 1965க்கும் இடையில் அந்நகரில் ஏறத்தாழ 50 குண்டுவெடிப்புகள் நடந்தன. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த்தின் வீட்டை 1956 கிறிஸ்துமஸ் இரவிலேயே வெடிவைத்துச் சிதைத்தார்கள். அவர் உயிர் தப்பியதே பெரிது.

காவல்துறையும் தீயணைப்புத் துறையும் 'புல்' கானர் என்ற ஆணையரின் கையில் இருந்தன. 1961 மே 14 அன்று, பேருந்துப் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கிளம்பிய விடுதலைப் பயணிகள் பேருந்தில் வந்து இறங்கியபோது, வெள்ளையின வெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் அவர்களை அடித்து நொறுக்க 15 நிமிட அவகாசம் தருவதாகக் காவல்துறை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தது. கிளானுக்குள் இருந்த தன் உளவாளி மூலம் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு இந்த ஏற்பாடு தெரியும், தடுக்கவில்லை. குற்றவாளி ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம் என்று நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கோடு அந்த ஊரில் செல்லுபடியாகாது.

1963 மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலமாகச் சென்று, காவல் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களின் நீர்வீச்சையும் எதிர்கொண்டார்களே, அவர்கள் கூடிப் புறப்பட்ட இடம் இந்தத் தேவாலயம்தான். செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவின்படி வெள்ளையர் பள்ளிகளில் முதல் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். அடுத்த சில நாட்களில் குண்டு வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 10.22 மணி. கீழ்த்தளத்தில் இருந்த பெண்கள் அறையில் ஐந்து சிறுமிகள் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 11 வயது டெனிஸ் மெக்நேர் தன் கவுனின் இடுப்புப் பட்டியைக் கட்டிவிடச் சொல்ல, 14 வயது ஆடி மே காலின்ஸ் அதற்காகக் கை நீட்டியதுதான் ஆடியின் தங்கை சாராவுக்குக் கடைசியாகக் கண்ணில் பட்ட காட்சி. இவ்விருவரோடு, 14 வயதான சிந்தியா வெஸ்லியும் கரோல் ராபர்ட்சனும் இறந்தார்கள். 12 வயது சாரா முகமெல்லாம் கண்ணாடிச் சில்லுகளோடு உயிர் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

அன்றைய சாவு நான்கோடு நிற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 16 வயது ஜானி ராபின்சனை ஒரு காவலர் முதுகில் சுட்டுக் கொன்றார். அவர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. 13 வயது வர்ஜில் வேர் அண்ணனின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டரில் வந்த வெள்ளையினப் பையன்களில் ஒருவன் சுட்டான். அவனுக்கு விதித்த சில மாதச் சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தது.

இனி வழக்கு. ராபர்ட் சாம்ப்ளிஸை ஊரே 'டைனமைட் பாப்' என்றுதான் அழைத்தது. 1963லேயே அவர் பிடிபட்டார். அனுமதியின்றி டைனமைட் வைத்திருந்த சிறு குற்றத்துக்காக 100 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் என்பதுதான் தீர்ப்பு. 1965க்குள் சாம்ப்ளிஸ், தாமஸ் பிளாண்டன், பாபி ஃபிராங்க் செர்ரி, ஹெர்மன் கேஷ் ஆகிய நால்வரின் பெயர்களையும் எஃப்பிஐயின் உள்ளூர் அலுவலகம் கண்டறிந்து, வழக்குத் தொடரலாம் என்று பரிந்துரைத்தது. தண்டனை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லித் தலைவர் எட்கர் ஹூவர் மறுத்துவிட்டார். 1968இல் கோப்பு மூடப்பட்டது.

ஹூவரின் கணிப்பு முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பினத்தவர் வாக்காளர் பட்டியலில் சேராதபடி பார்த்துக்கொண்ட மாநிலத்தில், குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியிலும் வெள்ளையரே உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஜூரிகள் கொலையாளிகளை விடுவித்து அனுப்பிய வழக்குகள் தெற்கு மாநிலங்களில் ஏராளம். ஆனால் பிறகு நடந்ததற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. குண்டு வெடித்தபோது சட்ட மாணவராக இருந்த பில் பேக்ஸ்லி, 1970இல் அலபாமாவின் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்வானார். அலுவலகத் தொலைபேசி அட்டையின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறுமிகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தவர் அவர். வழக்கை மீண்டும் எடுத்து எஃப்பிஐயிடம் கோப்புகளைக் கேட்டால், ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பத்திரிகை அழுத்தம் வந்த பிறகு ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார்கள்.

கையில் கிடைத்ததை வைத்து, 1977இல் பேக்ஸ்லி சாம்ப்ளிஸை மட்டும் கூண்டில் ஏற்றினார். மனைவி வழியில் சாம்ப்ளிஸுக்கு உறவான, தேவாலயப் பணியில் இருந்த ஒரு பெண் சாட்சி சொன்னார்: தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே, யாரையும் காயப்படுத்துவது நோக்கமல்ல, வெடிக்க வேண்டிய நேரத்தில் அது வெடிக்கவில்லை என்று சாம்ப்ளிஸ் முணுமுணுத்தாராம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்திருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனைக் கைதியாகவே 1985இல் அவர் இறந்தார்.

பேக்ஸ்லிக்குக் கொடுக்காமல் மறைக்கப்பட்டவற்றில் ஒலிநாடாக்கள் இருந்தன. 1964இல் பிளாண்டன் குடியிருந்த வீட்டின் சமையலறைச் சுவரில் எஃப்பிஐ ஒரு ஒலிவாங்கியைப் பொருத்தியிருந்தது. குண்டைத் திட்டமிட நடந்த கூட்டத்தைப் பற்றி அவர் தன் மனைவியிடம் பேசியது அதில் பதிவாகியிருந்தது. அந்த நாடா 2001இல்தான் ஜூரியின் காதுக்கு எட்டியது. பிளாண்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு செர்ரிக்கும் அதே தண்டனை. இரண்டு வழக்குகளையும் நடத்திய டக் ஜோன்ஸ் பிற்பாடு செனட்டரானார். ஹெர்மன் கேஷ் மட்டும் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் 1994இல் இறந்துபோனார். 1977இலேயே அந்த நாடா மேசைக்கு வந்திருந்தால் பிளாண்டனாவது கால் நூற்றாண்டு முன்னதாகச் சிறைக்குப் போயிருப்பார் என்பதே என் கணிப்பு. பேக்ஸ்லியும் பின்னாளில் எஃப்பிஐ மீது இதே குறையைப் பகிரங்கமாக வைத்தார்.

குண்டு வெடித்த மறுநாளே சார்லஸ் மார்கன் என்ற இளம் வெள்ளையின வழக்கறிஞர், ஊர் வணிகர்கள் கூடிய சபையில் எழுந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டு, நாம் எல்லோரும்தான் என்று பதிலும் சொன்னார். மிரட்டல்கள் குவிந்து, அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போக நேர்ந்தது. வாய் திறந்தவருக்கே அந்தக் கதி என்றால் சாட்சிகள் ஏன் மௌனமாக இருந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

அன்று கண்ணை இழந்து உயிர் பிழைத்த சாரா காலின்ஸ் ருடால்ஃபுக்கு அலபாமா ஆளுநரிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது 2020இல். இழப்பீடு கேட்ட அவரது கோரிக்கையை மட்டும் சட்டமன்றத்தின் பக்கம் தள்ளிவிட்டார்கள்.