ஜூன் 24க்குப் போகலாமா, வேண்டாமா?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். கியூபெக் மாகாணத்து மொன்றியலுக்கு வந்து நாலு மாதம். ஜூன் 24 'சன் ஜான்' பெருநாள் லீவு என்கிறார்கள், சம்பளம் வருமா? புனிதர் ஒருவரின் பெயரில் நடக்கும் பெருநாளுக்குச் சைவப் பிள்ளைகள் போகலாமா? கியூபெக்கின் நீலக்கொடி பிடித்தால், கனடாவிலிருந்து பிரியக் கேட்கும் பிரிவினைக்காரர் என்பார்கள் என்று றொரன்ரோ மாமா வெருட்டுகிறாரே, உண்மையா?

நான் இங்கே வந்து 26 வருடம். முதல் இரண்டு வருடமும் அந்த நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவன்தான்.

சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம். உணவகம், தொழிற்சாலை, கடை, துப்புரவு வேலை எல்லாம் கியூபெக் மாகாணச் சட்டத்துக்குள் வரும். அங்கே உங்களுக்கு உரிமை உண்டு. வங்கி, விமானக் கம்பனி, மாகாணம் தாண்டி ஓடும் லொறி போன்றவை மத்திய அரசின் தொழில் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தில் இந்த லீவு இல்லை, கம்பனி தானாகத் தந்தால்தான். கணக்கு இப்படி: ஜூன் 24 வரும் கிழமைக்கு முந்திய நாலு முழுக் கிழமைகளில் உழைத்ததை, ஓவர்டைமைத் தள்ளிவிட்டுக் கூட்டி, 20ஆல் பிரியுங்கள். 2,400 டொலர் உழைத்திருந்தால் 120 டொலர். பகுதிநேர வேலைக்கும் இதே கணக்குத்தான். மூட முடியாத இடத்தில் அன்று வேலைக்குக் கூப்பிட்டால், செய்த வேலையின் சம்பளத்தோடு இந்தத் தொகையும் தரவேண்டும். இல்லையென்றால் அதற்கு முந்திய அல்லது அடுத்த வேலைநாளில் சம்பளத்தோடு லீவு தரவேண்டும்.

நான் கோப்பை கழுவிய முதல் இடத்தில், "நீ புது ஆள், உனக்கு இதெல்லாம் இல்லை" என்றார் முதலாளி. நானும் நம்பித் தலையாட்டிவிட்டு வந்தேன். புது ஆளுக்கும் உண்டு தம்பி. சம்பளத் துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள்.

சரி, புனிதர். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரை எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் ஸ்நாபக அருளப்பர் என்பார்களே, அவர்தான். கோடையின் மிக நீண்ட பகலை ஒட்டி வரும் திருநாள் என்பதால், பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள் தீ மூட்டிக் கொண்டாடும் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1834இல் லுட்ஜே டுவெர்னே என்ற பத்திரிகைக்காரர் மொன்றியலில் ஒரு விருந்து வைத்து, அந்த நாளைப் பிரெஞ்சு பேசும் மக்களின் நாளாக ஆக்கப் பார்த்தார். 1908இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அருளப்பரைப் பிரெஞ்சுக் கனடியரின் பாதுகாவலராக அறிவித்தார். 1925இல் அரசு விடுமுறையானது. பல காலம் ஊர்வலத்தில் சுருட்டை முடிச் சிறுவன் ஒருவனை ஆட்டுக்குட்டியோடு இருத்தி வருவார்கள், அவன்தான் குட்டி அருளப்பர். அறுபதுகளில் இளைஞர்களுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது, எங்களை ஆட்டுக்குட்டி என்கிறீர்களா என்று கேட்டார்கள். 1969 ஊர்வலத்தில் புனிதரின் சுருவத்தையே கவிழ்த்துவிட்டார்கள். 1977இல் அப்போதைய கியூபெக் முதல்வர் றெனே லெவெக்கின் அரசு அதைக் 'கியூபெக் தேசியத் திருநாள்' ஆக்கியது.

அதனால் பூங்காவுக்குப் போனால் புனிதரைத் தேடாதீர்கள். கோயிலில் பூசை வைப்பவர்கள் வைப்பார்கள். வெளியே அவர் மிஞ்சியிருப்பது வாழ்த்தில் மட்டும்: "பொன் சன் ஜான்!" நல்ல அருளப்பர் திருநாள் என்று அர்த்தம். பொன் என்பது எங்கள் சொல் போலவே இருப்பதால் உங்களுக்கு மறக்காது.

கொடி விஷயத்தில் மாமா பாதி சரி. 1968இல் இந்த ஊர்வலத்தன்று பெரிய கலவரம். பிரமுகர் மேடையில் அப்போதைய கனடியப் பிரதமர் பியேர் ட்ரூடோ இருந்தார், மறுநாள் தேர்தல். மேடையை நோக்கிப் போத்தல்கள் பறந்தன. அந்தக் காலத்துக் கதை றொரன்ரோவில் இன்னும் ஓடுகிறது. ஆனால் வெள்ளைச் சிலுவையும் நாலு லில்லிப் பூவும் உள்ள அந்த நீலக்கொடி 1948 முதல் மாகாணத்தின் அதிகாரபூர்வக் கொடி. பிரிவினை கேட்பவரும் பிடிப்பார், கேட்காதவரும் பிடிப்பார். கையில் தந்தால் வாங்குங்கள். விருப்பமில்லை என்றால் 'மெர்சி' என்று நன்றி சொல்லி விடுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்.

மூன்றாவது வருடம் என்னை வெளியே இழுத்தது கீழ்வீட்டுக் கிழவர். மடக்குக் கதிரையும் ஒரு பெட்டி பியரும் எடுத்துக்கொண்டு எங்கள் வட்டாரப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். பெரிய மேடைக் கச்சேரியெல்லாம் இல்லை. ஒருவர் வயலின் வாசிக்க, இவர் இரண்டு மரக் கரண்டிகளை முதுகோடு முதுகு வைத்து ஒரு கையில் பிடித்துத் தொடையில் தட்டினார். வாசிக்கிறவர் இருந்தபடியே இரண்டு காலாலும் தரையில் தாளம் போடுவார், அதுவும் அவர்களின் வாத்தியம்தான். பிறகு ஒரு வருடம், மிருதங்கம் பழகிக்கொண்டிருந்த என் மகன் அந்தக் கரண்டியை வாங்கித் தகதிமி போட்டான். கிழவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, இன்னொருமுறை, இன்னொருமுறை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அன்றுதான் அந்தப் பெருநாள் பிடித்தது. அவர்கள் மொழியைப் பற்றி மேடையில் பேசும்போது எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை, அது வேறு.

பேச்சு வந்தால் பிரெஞ்சில் தொடங்குங்கள், தப்பாக இருந்தாலும். மற்ற நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறவர்கள் அன்றைக்குப் பொறுமையாகத் திருத்தித் தருவார்கள். கியூபெக் நகரத்துக்குப் போக வசதி இருந்தால் 23 இரவே அங்குள்ள ஆபிரகாம் சமவெளி என்ற பெரிய பூங்காவுக்குப் போங்கள், பெரிய கச்சேரி நடக்கும்.

பெரிய கடைகள் 24 அன்று பூட்டு. டெப்பனேர் என்ற மூலைக்கடையும் மருந்துக்கடையும் திறந்திருக்கும், ஆனால் விலை கூட. பால், பாண், மரக்கறி எல்லாம் 23க்குள் வாங்கி வையுங்கள். அப்புறம், நீங்கள் வீடு மாறப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். இங்கே பாதி ஊர் ஜூலை 1ஆம் திகதிதான் வீடு மாறும், வாகனத்தை இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.