7ஆம் வகுப்பு வரலாற்று புராஜெக்ட்: நம் மலையில் வாழ்ந்து மறைந்த ஒருவருக்கு நடுகல்

ஊட்டிப் பக்கத்துப் பள்ளியில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் முன்னோரை நினைவுகூரும் விதமாக என்ன புராஜெக்ட் செய்யலாம், சார்ட் பேப்பர் தவிர வேறு யோசனை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இறந்த வீரர் நினைவாக நட்ட கல்லான நடுகல்லைப்போல ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். குன்னூர்ப் பக்கத்து உலிக்கல் என்ற ஊரின் பெயரிலேயே புலியும் (படுகு, கன்னட மொழிகளில் 'ஹுலி') கல்லும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் புரியவைக்க அது போதும். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. அதையே ஆறு பீரியடாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஆளைத் தேர்வு செய்ய வேண்டும். பாதி புராஜெக்ட் இங்கேதான் கெட்டுப்போகிறது. விட்டுவிட்டால் எல்லாக் குழுவும் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனையே எடுக்கும், எல்லாக் கல்லும் ஒன்றுபோல இருக்கும். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் மலை ரயிலுக்குப் பாதை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்த்த நடுவட்டம் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்ட சீனக் கைதிகள் இருக்கிறார்கள். எனக்குக் கேட்டால், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர்த் தோட்டங்களில் கொழுந்து பறித்த பாட்டி, பூட்டிகள்தான் முதல் தேர்வு. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் பாஸ்போர்ட் இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெயர், படம், தேதி மூன்றும் அதிலேயே கிடைக்கும். வீட்டாரிடம் அனுமதி கேட்டு, பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

பெயர், தேதி தேடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதானால் சுண்ணக்கட்டியும் கம்பி பிரஷ்ஷும் கொண்டுபோகவே கூடாது, பாசி பிடித்த கல் பொரிந்துவிடும். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் குழியில் நிழல் விழுந்து படிக்க வரும். தோடர், கோத்தர் சாவுச் சடங்குகளை நடித்துக் காட்டும் வேலை வேண்டாம். அவை இன்றும் வாழ்கிறவர்களின் வழிபாடு.

கல்லுக்குக் களிமண்ணும் காகிதக்கூழும் நம் ஊருக்கு ஒத்துவராது. மூடுபனியில் களிமண் காயாது, கூழில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. அதனால் ஜூலை மழையிலும் கெட்டியாகும். 20க்கு 15 செ.மீ. ஸ்வீட் பெட்டியில் பிளாஸ்டிக் உறை விரித்து, இரண்டரை செ.மீ. உயரத்துக்கு ஊற்ற 700 கிராம் பொடியும் அரை லிட்டர் தண்ணீரும் போதும். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். பொடி தானாக ஊறி அமிழ்ந்த பிறகு மெதுவாகக் கிளறுங்கள், வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி விழும். இறுகும்போது நன்றாகச் சுடும் என்பதால் யாரும் கையை உள்ளே விடக்கூடாது. மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் பதிகிற பதத்தில் செதுக்கத் தொடங்கலாம். பல நடுகற்களில் இருப்பதுபோல மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கீழே அவர் செய்த வேலை, நடுவில் அவருடைய பயணம், மேலே அவர் விட்டுச்சென்றது. ஆணியும் ஸ்பூன் காம்பும் போதும். எழுத்தைப் புடைப்பாக விடாமல் குழித்தே வெட்டுங்கள். எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறைந்தால் 'ண', 'ணை' சுழிகள் உதிர்ந்துவிடும். ஆகவே 25 எழுத்துக்குள் பெயரும் பீடும் (பெருமையும்) முடிய வேண்டும். "நல்ல உழைப்பாளி" என்று எழுத விடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வெட்டட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் என்னவென்று கல்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பாதி மதிப்பெண் அதற்கே கொடுக்கலாம்.

வண்ணம் பூச ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும், உள்ளே ஈரமிருந்தால் உரிந்துவரும். ரயில் பாதை வெட்டியவருக்கோ நடுவட்டத்துக் கைதிக்கோ பெயர் கிடைக்காமல் போகலாம். கற்பனைப் பெயர் வைக்காமல் பெயர் வெட்டும் இடத்தை வெறுமையாக, வண்ணம் பூசாமல் விடுங்கள். பின்னால் என்றைக்காவது பெயர் கிடைத்தால், அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் நனைத்து ஆணியால் வெட்டிக்கொள்ளலாம்.